துணி துவைத்த என்ஜின், சைக்கிளில்

மின்சாரம் எட்டாத பண்ணை வீடுகளுக்காக அமெரிக்காவின் மேடேக் நிறுவனம் பெட்ரோலில் ஓடும் வாஷிங் மெஷின்களை விற்றது. 1937-இல் வந்த அதன் மாடல் 72, இரட்டை சிலிண்டர் கொண்ட டூ ஸ்ட்ரோக் என்ஜின்; காலால் உதைத்தே கிளப்பலாம். ஊருக்குள் கரண்ட் வந்ததும் அதற்கு வேலை போயிற்று. கொட்டகை மூலையில் கிடந்த அப்படிப்பட்ட என்ஜின்களையும், பழைய பிரிக்ஸ் அண்ட் ஸ்டிராட்டன் என்ஜின்களையும் தேடியெடுத்துச் சைக்கிளில் ஏற்றும் ஆர்வலர்கள் அங்கே இன்றும் இருக்கிறார்கள்.

நெடுநாள் கிடந்த என்ஜின் கிளம்பவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது பாயின்ட். பழைய பிரிக்ஸ் என்ஜினில் ஃப்ளைவீலைக் கழற்றினால் ஒட்டிப் பிரியும் இரண்டு உலோகப் பொட்டுகள் தெரியும். அவை பிரியும் கணத்தில்தான் பிளக்கில் பொறி விழுகிறது. பொட்டில் களிம்பேறினால் பொறி இல்லை. நைஸான எமரித் தாளால் தேய்த்துத் துடைத்து, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியை அரை மில்லிமீட்டராக்கினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

உண்மையான கைவேலை அதற்குப் பிறகுதான். 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2 மீட்டர் உருளும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 320 சுற்று போதும். என்ஜினோ 3600 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகத்தைப் பதினொன்றில் ஒரு பங்காகக் குறைத்தாக வேண்டும். ஒரே செயினில் முடிக்கப் பார்த்தால், என்ஜினில் 10 பல் ஸ்ப்ராக்கெட்டுக்குச் சக்கரத்தில் 110 பல் வேண்டும், அதற்கு இடமேது? அதனால் நடுவில் ஒரு துணைத் தண்டு வைக்கிறார்கள். என்ஜினிலிருந்து தண்டுக்கு பெல்ட், தண்டிலிருந்து சக்கரத்துக்குச் செயின். பெல்ட்டை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு லீவர் போட்டால் அதுவே கிளட்ச். இந்த எளிமை எனக்கு மிகவும் பிடித்தது.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஜப்பானின் ஹமாமட்சுவில் 1946-இல் சோய்சிரோ ஹோண்டா, ராணுவ வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் தந்த சிறு என்ஜின்களை வாங்கிச் சைக்கிளில் மாட்டி விற்றார். வாங்கிய இருப்பு தீர்ந்ததும் சொந்தமாக என்ஜின் செய்யத் தொடங்கினார். 1947-இல் ஹோண்டா ஏ டைப் வந்தது.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது; மிதிவண்டிக்கென்று செய்த ரப்பர் கட்டைகள் அதற்குப் போதாது. முன்சக்கரத்துக்கு நல்ல டிரம் பிரேக் மாட்டி, சரிவில் உருட்டிச் சோதித்துவிட்டு, அப்புறம் என்ஜினைத் தூக்கி வையுங்கள்.