ஜோடித் தலைகள்

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது கந்தர்வக்கோட்டை. பெயரைக் கேட்டால் வீணையும் கையுமாகக் கந்தர்வர்கள் எதிர்கொண்டு வரவேற்பார்கள் என்று தோன்றும். உண்மையில் நம்மை வரவேற்பவை முந்திரித் தோப்புகளே. அவ்வூரில் எனக்கு ஒரு சித்தப்பா இருக்கிறார். உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற கோடையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு தட்டு நிறைய வறுத்த முந்திரியையும், அதற்கு எட்டத்தில் பெரியதோர் ஆல்பத்தையும் கொண்டுவந்து வைத்தார்.

"முந்திரியைத் தொட்ட கையால் ஆல்பத்தைத் தொடாதே!" என்பது முதல் உத்தரவு.

கையைக் கழுவிக்கொண்டு ஆல்பத்தைத் திறந்தேன். உள்ளே இருந்தவை தபால் தலைகள்தாம். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் இடப்புறம் இந்தியத் தலை, வலப்புறம் அயல்நாட்டுத் தலை. சில பக்கங்களில் வலப்புறம் காலியாக இருந்தது.

"என்ன சித்தப்பா, ஜாதகப் பொருத்தம் பார்த்து வைத்தாற்போல் இருக்கிறதே?"

"அதேதான் அப்பா. எல்லாம் ஜோடி. காலியாக இருப்பவற்றுக்கு இன்னும் வரன் அமையவில்லை" என்றார்.

விஷயம் இதுதான். இரண்டு தேசங்கள், ஒரே பொருளைப் பற்றி, பெரும்பாலும் ஒரே நாளில், தத்தம் பெயரில் தபால் தலை வெளியிடுவதுண்டு. சில ஜோடிகளில் படமும் ஒன்றே; விலையும் மொழியும் மட்டும் வேறு. வேறு சிலவற்றில் இவர்கள் நாட்டுப் பொருள் ஒன்றும் அவர்கள் நாட்டுப் பொருள் ஒன்றும் சேர்ந்திருக்கும். சிநேகம் இருவருடையதானாலும் தபால் கட்டணம் அவரவர் கணக்குத்தான். ஒரு நாட்டுத் தலையை மற்ற நாட்டுக் கடிதத்தில் ஒட்டினால் செல்லாது.

இவ்வகையில் மிகப் புகழ்பெற்றது 1959-ம் வருஷம் ஜூன் 26-ந் தேதி கனடாவும் அமெரிக்காவும் செயின்ட் லாரன்ஸ் கடல்வழித் திறப்புக்காக வெளியிட்ட தலை. இரு நாடுகளுக்கும் படம் ஒன்றே. ஆனால் கனடாவில் சில தாள்களில் நடுப்படம் தலைகீழாக அச்சாகிவிட்டது! பிழையில்லாத தலை இன்று அற்ப விலைக்குக் கிடைக்கும். பிழையான தலைக்கோ ஆயிரக்கணக்கில் கொடுக்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் பிழைக்கு மார்க்கைக் குறைத்தே பழகிய சித்தப்பாவுக்கு இந்த நியாயம் இன்னும் ஜீரணமாகவில்லை.

நம் நாடும் இத்தகைய சம்பந்தங்கள் பல செய்திருக்கிறது. 2002-ல் ஜப்பானுடன் கதகளியும் கபுகி நாடகமும். 2003-ல் தென்கொரியாவுடன் ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரும் கியோங்ஜு நகரத்துப் பழைய வான ஆராய்ச்சிக் கோபுரமும். 2004-ல் ஈரானுடன் கபீர்தாசரும் கவி ஹாபிஸும். 2017-ல் கனடாவுடன் தீபாவளி.

ஒரு பக்கத்தை மட்டும் சித்தப்பா தாமே திருப்பிக் காட்டினார். 1995-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் காந்தி மகாத்மாவுக்காக வெளியிட்ட தலைகள். 1860 முதல் நம்மவர்கள் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். 1893-ல் அங்கே போன காந்தியடிகள் 1914-ல் அந்நாட்டைவிட்டுப் புறப்பட்டார். தில்லையாடிக் குடும்பத்துப் பெண் வள்ளியம்மை சிறையில் பெற்ற நோயால் அதே 1914-ல் உயிர் நீத்தாள். நிறவெறியைக் கண்டித்து 1946-ல் இந்தியா அந்நாட்டுடன் வர்த்தகத்தையே நிறுத்திக்கொண்டது. மண்டேலா ஜனாதிபதியானது 1994-ல். மறுவருஷமே இந்தத் தலைகள் பிறந்தன.

அந்தப் பக்கத்தின் வலப்புறம் காலியாக இருந்தது. "வியாபாரிகளிடம் கிடைக்குமே, நான் வாங்கித் தருகிறேன்" என்றேன்.

"கடையில் தலை கிடைக்கும். டர்பனில் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு கடிதப் போக்குவரத்து வைத்திருக்கிறேன். அவர்கள் தேடி அனுப்புவதாக எழுதியிருக்கிறார்கள். வரட்டும்" என்றார்.

அடுத்த பக்கத்தில் 1990-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் சோவியத் யூனியனுடன் வெளியிட்டவை. குழந்தைகள் வரைந்த சித்திரங்கள். மறுவருஷம் டிசம்பரில் அந்தத் தேசமே உலகப் படத்திலிருந்து மறைந்துவிட்டது. குழந்தைகளின் சித்திரம் மட்டும் வர்ணம் மங்காமல் இருக்கிறது.

அதற்கடுத்தது சீனா. 2008-ம் வருஷம் ஜூலை 11-ந் தேதி வெளியானது. ஒன்றில் புத்தகயையின் மகாபோதி ஆலயம். மற்றதில் லோயாங் நகரின் வெள்ளைக் குதிரை ஆலயம். இந்தியாவிலிருந்து சென்ற இரு பிக்ஷுக்கள் வெள்ளைக் குதிரை மேல் சூத்திர நூல்களை ஏற்றிக்கொண்டு போனதாக ஐதிகம். 2020-ல் கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் இருபது பேர் மாண்ட சமயம், சித்தப்பாவின் நண்பர் ஒருவர், "இன்னுமா இந்தப் பக்கத்தை வைத்திருக்கிறீர்? கிழித்தெறியும்!" என்றாராம்.

"என்ன செய்தீர்கள்?"

"அன்று எனக்கும் வயிறு எரியத்தான் செய்தது. ஆல்பத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கிழித்தால் சீனாவின் தலை மட்டுமா போகும்? மகாபோதியும் அல்லவா கூடப் போகும்? மூடி வைத்துவிட்டேன். ஒரு வருஷம் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. ஆனால் கிழிக்கவில்லை."

வீட்டில் குழந்தைகளுக்கு இந்தப் பழக்கத்தை உண்டாக்க விரும்பும் நேயர்களுக்குச் சித்தப்பாவின் யோசனைகள் சில: தலையின் முதுகில் ஒருபோதும் கோந்து தடவலாகாது. விரலால் தொடாமல் சிறு இடுக்கியால் எடுக்கவேண்டும். ஜோடியாக அச்சிட்ட இரு தலைகளைப் பிரிக்கவே கூடாது. ஈரக் காற்று ஆகாது. தலைமைத் தபால் நிலையத்தில் 200 ரூபாய் கட்டித் தபால்தலை வைப்புக் கணக்குத் தொடங்கினால், புதிய தலைகள் வீடு தேடி வரும். வலப்புறத்துத் தலைக்கு மட்டும் யாருக்காவது கடிதம் எழுதித்தான் ஆகவேண்டும்.

பேச்சு சுவாரஸ்யத்தில் என் கை தட்டுக்குப் போய்விட்டதைச் சித்தப்பா கண்டுவிட்டார். ஆல்பத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "போய்க் கையைக் கழுவிக்கொண்டு வா. இன்னும் பத்துப் பக்கம் இருக்கிறது!" என்றார்.