ஐந்து சுற்று மழை

போகிமான் போட்டிகளில் வானிலையை நம்பி அணி கட்டுகிறவர்களுக்கு மழையை வரவழைப்பது சுலபம். அது நின்ற பிறகு என்ன செய்வது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

ஜூன் பிறந்து பத்துப் பன்னிரண்டு நாட்களானால் மும்பைக்கு மழை வந்தாக வேண்டும். கனமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் கைகோர்த்துக்கொண்டால் மாட்டுங்காவை ஒட்டிய கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் அளவு தண்ணீர். தாராவியில் தட்டுமுட்டுச் சாமான்கள் பரணுக்கு ஏறும். செம்பூர் வழியாகப் போகும் ஹார்பர் லைன் லோக்கல்கள் தடுமாறும். 2005 ஜூலை 26 அன்று சான்டாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டித் தீர்த்ததை அனுபவித்த தலைமுறைக்கு மழை என்றாலே வயிற்றில் புளி கரைக்கும். அவர்களுடைய பிள்ளைகளில் ஒரு சாராருக்கோ, மழை என்றால் 20 சதவீதம் கூடுதல் பலம்.

அந்தப் பலம் கைபேசித் திரையில் கிடைப்பது. 2016 டிசம்பரில் ரிலையன்ஸ் ஜியோவின் கைபிடித்து இந்தியாவுக்குள் அதிகாரபூர்வமாக நுழைந்த ‘போகிமான் கோ’ விளையாட்டில், தெருத்தெருவாக நடந்து குட்டிப் பூதங்களைப் பிடிக்க வேண்டும். அடுத்த ஆண்டு டிசம்பரில் அதில் வானிலை சேர்ந்தது. வெளியே மழை என்றால் நீர், மின்சாரம், பூச்சி வகைப் பூதங்களின் தாக்குதல் ஏறும். வெயிலடித்தால் நெருப்பு, புல், நிலம் வகைகளுக்கு யோகம். பனி பெய்தால் பனி வகைக்கும் எஃகு வகைக்கும். மும்பையில் இருந்துகொண்டு இந்தக் கடைசி ஏற்பாட்டை நம்பியிருப்பவர் பாவம்! 2025 மார்ச் 29, 30 தேதிகளில் இந்த விளையாட்டின் ‘சிட்டி சஃபாரி’ மும்பையிலேயே நடந்தபோதும் அது மழைக்காலமல்ல.

ஆனால் இதில் வீரரின் சாமர்த்தியம் குறைவு. வானம் கொடுப்பதை வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். போதாக்குறைக்கு, இருவர் நேருக்கு நேர் மோதும் ஆட்டத்தில் வானிலை எடுபடாது என்று விதி வேறு. வானிலையைத் தானே உண்டாக்கி, அதை எதிராளியிடமிருந்து காப்பாற்றி, அது தீர்வதற்குள் வேலையை முடிக்கும் கலை போகிமானின் மூல விளையாட்டில்தான் இருக்கிறது. உலகச் சாம்பியன் பட்டமும் அங்கே தீர்மானமானது.

1996இல் ஜப்பானில் பிறந்த போகிமானை, 2003இல் கார்ட்டூன் நெட்வொர்க் வழியாக இந்தியப் பிள்ளைகள் கார்ட்டூனாக அறிந்துகொண்டார்கள். பெரியவர்கள் பலருக்கு இன்றும் அது மஞ்சள் எலி ஒன்று கத்திக்கொண்டிருக்கும் சமாச்சாரம். போட்டி ஆட்டமோ சதுரங்கத்துக்கும் சீட்டாட்டத்துக்கும் நடுவே நிற்பது. ஒவ்வொருவருக்கும் ஆறு பூதங்கள். எதிராளியின் ஆறையும் பார்த்தபின், 90 விநாடிகளில் தன் ஆறில் நான்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். களத்தில் ஒரே நேரத்தில் இரண்டிரண்டு. இரு தரப்பும் ரகசியமாகக் கட்டளையிட்டபின் சுற்று நடக்கும்.

பெலிப்பர் என்று ஒரு பூதம். கூழைக்கடாவின் சாயல். அது களத்தில் இறங்கினாலே மழை தொடங்கிவிடும். கட்டளை எதுவும் தேவையில்லை. மழையில் நீர்த் தாக்குதல் ஒன்றரை மடங்காகும், நெருப்புத் தாக்குதல் பாதியாகும். சாதாரணமாக நூற்றுக்கு எழுபது முறை மட்டுமே குறி தப்பாத இடி, மழையில் தப்பவே தப்பாது. சில பூதங்களுக்கு ‘ஸ்விஃப்ட் ஸ்விம்’ என்ற தனித்திறன் உண்டு; மழையில் அவற்றின் வேகம் இரட்டிப்பாகும். தலையில் இலைத்தொப்பியுடன் ஆடும் லுடிகோலோ, கடல் குதிரை வம்சத்துக் கிங்ட்ரா ஆகியவை இந்த ரகம். வெயிலில் சாதுவாகத் திரிபவை மழை வந்ததும் யாரையும் முந்திக்கொண்டு அடிக்கும்.

மழைக்கு அணி கட்டுவது மாட்டுங்காவுக்குப் புதிதல்ல. டாக்டர் எச்.டி. காங்கா பெயரில் 1948இல் தொடங்கிய கிரிக்கெட் லீக், மழைக்காலத்தில், மூடி வைக்காத பிட்ச்களில் ஆடப்பட்டதால்தான் பெயர்பெற்றது. சுனில் கவாஸ்கரும் திலீப் வெங்சர்க்காரும் ஆடிய தாதர் யூனியன் கிளப்பின் சொந்த மைதானம் மாட்டுங்காவில்தான். ஈரப் பிட்ச்சில் பந்து ஒரு முறை எகிறும், மறுமுறை தவழும். காய்ந்த பிட்ச்சில் சதமடிப்பவர் அங்கே இருபது ரன்னுக்குத் தவிப்பார். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: சேறு இரு அணிகளுக்கும் பொது. போகிமான் மழையும் அப்படியே. தன் பெலிப்பர் கொண்டுவந்த மழையில் எதிராளியின் நீர்ப் பூதமும் ஆனந்தமாக நனையும்.

ஒரு காலத்தில் இந்த மழை நிற்காமல் பெய்தது. 2002இல் வந்த ‘ரூபி’, ‘சஃபையர்’ பதிப்புகளில் மழையை வரவழைக்கும் தனித்திறன் கயோகர் என்ற கடல் ராட்சசனுக்கு மட்டுமே சொந்தம். பல போட்டிகளில் அதற்கு அனுமதியே கிடையாது. 2010இல் ‘பிளாக்’, ‘வைட்’ பதிப்புகளின் காலத்தில் பாலிடோட் என்ற சாதாரணத் தவளைக்கும் அதே வரம் கிடைத்தது. தவளை கத்தினால் மழை என்பது நம் ஊர்க் கணக்கு. இங்கே தவளை வந்து நின்றாலே போதும். வேறு யாராவது வானிலையை மாற்றும்வரை மழை ஓயாது. இரட்டை வேகத்தில் பாயும் நீர்ப் பூதங்களுக்கு எதிரே மற்ற அணிகள் செல்லாக்காசாயின. ‘ஸ்மோகன்’ என்ற ரசிகர் அமைப்பு 2011இல் தன் ஆட்டங்களில் ஒரு விசித்திரத் தடை விதித்தது: மழைத் தவளை இருக்கலாம், ஸ்விஃப்ட் ஸ்விம் இருக்கலாம், இரண்டும் ஒரே அணியில் கூடாது. தயாரிப்பாளர்கள் வேறு வழியில் போனார்கள். 2013இல் வந்த ‘எக்ஸ்’, ‘ஒய்’ பதிப்புகளில் மழைக்குக் கெடு வைத்தார்கள். ஐந்து சுற்று. ஈரக்கல் ஒன்றைப் பூதத்தின் கையில் கொடுத்தனுப்பினால் எட்டு. தடையைவிட இந்தக் கெடுதான் ஆட்டத்தைச் சுவையாக்கியது என்று தயங்காமல் சொல்லலாம். அதுவரை மழை ஒரு சூழ்நிலை. அதன்பின் அது கையிருப்பு. எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டியது.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் தப்பு, ஆறு நீர்ப் பூதங்களைக் கூட்டிக்கொண்டு வருவது. இதைத் தண்டிக்கக் காஸ்ட்ரோடான் என்ற கடல் நத்தை ஒன்றே போதும். பக்கத்துப் பூதத்தைக் குறிவைத்த நீர்த் தாக்குதலையும் தன் பக்கம் இழுத்து விழுங்கி, அதனாலேயே பலம் பெறும் பிராணி அது. எனவே மழையை மூலதனமாக்கும் பூதங்கள் இரண்டு அல்லது மூன்று போதும். மீதி இடங்கள், மழை இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளக் கூடியவற்றுக்கு.

மழையைக் குடையாகப் பிடிப்பவர்களும் உண்டு. ஃபெரோதார்ன் என்ற முள் பூதத்துக்கு நெருப்பைத் தவிர அநேகமாக எதற்கும் பயமில்லை. நெருப்பு பட்டாலோ நான்கு மடங்கு அடி. மழை அந்த அடியைப் பாதியாக்கிவிடும். 2023 டிசம்பரில் அறிமுகமான ஆர்ச்சலூடான், எஃகுப் பாலம் எழுந்து நடந்தாற்போன்ற உருவம், நீர் வகையே அல்ல. அதன் மின் தாக்குதலுக்கு வழக்கமாக ஒரு சுற்று முழுவதும் சக்தி சேர்க்க வேண்டும். மழையில் அந்தக் காத்திருப்பு இல்லை. பெலிப்பரும் ஆர்ச்சலூடானும் ஜோடியாக இறங்குவது 2024இல் போட்டிகளில் சகஜமான காட்சியாயிற்று. இந்த மழையணியின் பிரதான ஆயுதம் மின்சாரம். நத்தையைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் ஏமாந்தார்கள்.

வானத்துக்கான சண்டையில் இன்னொரு விநோதம் உண்டு. கடைசியாக வந்த வானிலையே நிற்கும். ஆட்டத் தொடக்கத்தில் இரு தரப்பிலும் வானிலைப் பூதங்கள் ஒன்றாக இறங்கினால், வேகமானதன் திறன் முதலில் வேலை செய்யும்; மெதுவானது பின்னால் வந்து அதை அழித்துவிடும். ஆக, சோம்பேறிக்கே வெற்றி. பெலிப்பரின் அடிப்படை வேகம் 65. வெயிலைக் கொண்டுவரும் டார்கோலின் வேகம் வெறும் 20. டார்கோல் என்ன பிராணி என்கிறீர்களா? ஆமை! அதனால் ஆமையை எதிரே கண்டதும் அனுபவசாலி பெலிப்பரை முதலில் இறக்க மாட்டார். பின்வரிசையில் உட்கார்த்தி வைத்து, வெயிலில் ஆமை வேலையைத் தொடங்கும் நேரம் பார்த்து உள்ளே விடுவார். களத்தில் இருக்கும் பெலிப்பரை வெளியே எடுத்து மறுபடி இறக்கினாலும் மழை புதிதாகத் தொடங்கும். ஆனால் அதற்குள் அது உயிரோடு இருக்க வேண்டுமே!

இந்தச் சண்டை உச்சத்துக்குப் போனது 2016இல். அந்த ஆண்டு விதிகள் ஓர் அணியில் இரண்டு ராட்சசர்களை அனுமதித்தன. உக்கிர ரூபமெடுத்த கிரௌடானின் வெயிலில் நீர்த் தாக்குதல்கள் ஆவியாகிப் போயின. கயோகரின் பெருமழையில் நெருப்பு பற்றவேயில்லை. இரண்டின் அடிப்படை வேகமும் ஒன்றே, 90. எனவே தங்கள் ராட்சசனை வேண்டுமென்றே மந்தமாக வளர்க்கும் கூத்தும் நடந்தது. பெரும் கூட்டம் கிரௌடான் பக்கம் சாய்ந்தது. அமெரிக்கரான வுல்ஃப் கிளிக் எதிர்த்திசையில் நடந்தார். கயோகருக்குத் துணையாக அவர் சேர்த்தது ரேக்வாசா என்ற வான் நாகத்தை. தன் பலத்த காற்றால் கிரௌடானின் வெயிலையே கலைத்துவிடக் கூடியது அது. மழையை மட்டும் நம்பாமல், எதிராளியின் வெயிலைப் பிடுங்கவும் ஆள் வைத்திருந்த அந்த அணி, ஆகஸ்டில் சான்ஃபிரான்சிஸ்கோவில் அவரை உலகச் சாம்பியனாக்கியது.

மும்பைப் பையன்களுக்கு இந்த வித்தையில் குறைவிருக்க நியாயமில்லை. குறை வேறிடத்தில். 2017இல் வெளிவந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியில்தான் அதிகாரபூர்வமான ஆட்டங்கள் நடந்தன. அந்தக் கருவியை நிறுவனம் இந்தியாவில் நேரடியாக விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. வெளிநாட்டிலிருந்து தருவித்து விற்பவர்களிடம் வாங்க வேண்டும். உத்தரவாதம் கிடையாது, விலையும் அவர்கள் சொல்வதுதான். விளையாட்டுக்குத் தனிக் காசு. உலகப் போட்டிக்குத் தகுதி பெற, பெரும்பாலும் கடல் கடந்து நடக்கும் போட்டிகளில் புள்ளி சேர்க்க வேண்டும். தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேரோடு வசிக்கும் பையனுக்கு இது எட்டாக் கனி. ‘போகிமான் ஷோடவுன்’ என்ற இலவசப் பயிற்சிக்களம் அந்த இடைவெளியை ஓரளவு அடைத்தது. சாதாரணக் கணினியிலோ கைபேசியிலோ ஆறு பூதங்களையும் நொடியில் உருவாக்கி, உலகில் எவரோடும் மோதலாம். கற்பதற்கு அது போதும். பட்டம் வெல்ல உதவாது. 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ‘போகிமான் சாம்பியன்ஸ்’ கைபேசிக்கும் உரியது என்ற செய்தி, அமெரிக்காவைவிட இங்கே அதிகம் இனித்ததில் வியப்பில்லை.

தேர்ந்த மழையணிக்காரர்களிடம் ஒரு குறும்பு உண்டு. ஆறு பூதங்களையும் காட்டும் நேரத்தில் பெலிப்பர் பளிச்சென்று தெரியும். எதிராளி பதறிப்போய் நத்தையையும் ஆமையையும் தேர்ந்தெடுப்பார். மழைக்காரர் தேர்ந்தெடுக்கும் நால்வரில் பெலிப்பரே இருக்காது. ஆட்டம் முடியும்வரை ஒரு சொட்டும் விழாது. குடையோடு வந்தவர் குடையைச் சுமந்துகொண்டே தோற்றுப்போவார்.