மார்பக மறுசீரமைப்பு: முன்கூட்டியே அறிய வேண்டியவை

புற்றுநோயால் மார்பகத்தை இழந்த பெண்களுக்கு அதன் வடிவை மீண்டும் அமைத்துத் தரும் அறுவை சிகிச்சை உண்டு. இது கட்டாயமன்று, வேண்டாமென முடிவெடுப்பதும் அவரவர் உரிமையே.

சிலிகோன் பை வைப்பது ஒரு முறை. வயிறு அல்லது முதுகுப் பகுதித் தசை, கொழுப்பு, தோலைக் கொண்டு அமைப்பது மற்றொன்று. மார்பகத்தை அகற்றும்போதே செய்யலாம்; கதிர்வீச்சு தேவைப்படுவோருக்குப் பல நேரங்களில் பின்னர் செய்வர். பெரும்பாலும் ஒரே அறுவையில் முடிவதில்லை. தழும்பு மங்கும், மறையாது. தொடு உணர்வு முழுமையாகத் திரும்புவது அரிது. தேயிலைக் கூடை போன்ற சுமைகளைச் சில வாரங்கள் தூக்கலாகாது.

“பிளாஸ்டிக் சர்ஜரிக்குக் காப்பீடு கிடையாதே?” எனச் சித்தூர் முதல் மூணாறு வரை வாடிக்கையாளர்கள் எம்மிடம் கேட்பதுண்டு. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2019இல் வகுத்த பொது விதிப்படி, தோற்றத்தை மாற்றும் அறுவைக்கே விலக்கு. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்புக்கு அவ்விலக்கு பொருந்தாது. எனினும் காத்திருப்புக் காலம், காப்பீட்டுத் தொகையின் வரம்பு ஆகியவை பொருந்தும்.

தள்ளிவைத்த அறுவை அடுத்த பாலிசி ஆண்டில் அமையக்கூடும். ஆகவே, சிகிச்சை முடிந்ததெனக் கருதிப் புதுப்பித்தலை நிறுத்திவிடாதீர்கள். கோவைக்கோ கொச்சிக்கோ புறப்படுமுன், அம்மருத்துவமனையில் உங்கள் பாலிசிக்குப் பணமில்லாச் சிகிச்சை உண்டா எனக் கேளுங்கள். ‘புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்பு’ என்று மருத்துவரின் குறிப்பில் தெளிவாக எழுதப் பெறுவதும் நன்று.