எப்போது திணறுகிறது?

ஸ்பேனரை டிக்கியிலேயே வையுங்கள் தம்பி. டீ வரட்டும், கொஞ்சம் பேசுவோம். பானெட்டைத் திறக்காமலே பாதிக் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம்.

பெங்களூரில் பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒழுங்காக ஓடுகிறது, மலைப்பக்கம் வந்தால் விட்டு விட்டு ஜெர்க் அடிக்கிறது, இழுவை போய்விடுகிறது என்கிறீர்கள். பிளக் மாற்றியாயிற்று, காயில் மாற்றியாயிற்று, கார்புரேட்டருக்குக் கிட் போட்டாயிற்று. பட்டறைக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கண்முன்னே வண்டி ஒரு தடவைகூடத் திணறவில்லை. திணறாத வண்டியில் எதைப் பிடிப்பது? சந்தேகப்பட்டதை ஒவ்வொன்றாக மாற்றி அனுப்புவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை. வந்து வந்து போகிற கோளாறுக்குப் புதுப் பாகத்தைவிட ஒரு கேள்விதான் அதிகம் உதவும்: எப்போது திணறுகிறது?

உங்கள் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் நம் ஊருக்கு அந்நிய வண்டி இல்லை. 1959இல் இங்கிலாந்தில் வந்த ட்ரையம்ப் ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கி, ஹெரால்டை வடிவமைத்த அதே இத்தாலியர் மிக்கெலொட்டியின் கைவண்ணத்தில் 1962இல் பிறந்தது அது. அந்த ஹெரால்டைத்தான் 1961 முதல் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா மெட்ராஸில் தயாரித்தது. 948 சிசி எஞ்சின். கேசல் என்ற பெயரில் எழுபதுகளிலும் அந்த வம்சம் ஓடியது. ஹெரால்டில் கை வைத்துப் பழகிய மெக்கானிக் தமிழ்நாட்டில் யாராவது கிடைத்தால், ஸ்பிட்ஃபயரும் அவருக்குப் பழகிய வீடுதான். பாயிண்ட், கண்டென்சர், ஏசி பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர் எல்லாம் கையால் தொட்டுப் பார்க்கக்கூடியவை. கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்க முடியாதே என்று வருந்த வேண்டாம். இந்த வண்டியில் டிரைவரின் காதும் இடுப்பும்தான் ஸ்கேனர்.

திணறும்போது எஞ்சினுக்குக் கிடைக்காமல் போவது இரண்டில் ஒன்று, பெட்ரோல் அல்லது நெருப்பு. இரண்டும் ஒரே மாதிரி நின்றுபோவதில்லை. நெருப்பு போனால் வெட்டியதுபோல் போகும். சாவியை யாரோ அணைத்துப் போட்ட மாதிரி ஒரு குலுக்கல், உடனே மறுபடி முழு இழுவை. பெட்ரோல் போனால் மெல்லப் போகும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி தொய்யும், இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் ஆடி அடங்கும், காலை எடுத்துக் கொஞ்சம் பொறுத்தால் திரும்பி வரும். உங்கள் வண்டியில் டாக்கோமீட்டர் மின்சாரத்தில் ஓடுகிறதென்றால் இன்னும் சுலபம். ஜெர்க் அடிக்கும் கணத்தில் சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் பொத்தென்று கீழே விழுந்தால், காயிலுக்குப் போகும் மின்சாரம் அறுபடுகிறது என்று அர்த்தம். பழைய மாடல்களில் முள்ளைக் கேபிள் சுற்றும். அது இந்தச் சேதியைச் சொல்லாது. எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சமதளத்தில் வராத நோய் ஏற்றத்தில் ஏன் வருகிறது? ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை ஆழமாக மிதிக்கிறோம். சிலிண்டருக்குள் கலவை நிறையப் போகிறது, அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக் கூட பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும். வலுவிழந்த காயில், கீறல் விழுந்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, உள்ளே கசியும் ரோட்டர் எல்லாம் சமதளத்தில் சமாளித்துவிடும், இங்கேதான் மாட்டிக்கொள்ளும். அதேபோல் பெட்ரோலின் தேவையும் ஏற்றத்தில்தான் உச்சத்துக்குப் போகும். பாதி அடைத்த ஃபில்டர் மைசூர் சாலையில் போதும் போதும் என்று கொடுக்கும், ஊட்டிக்கு ஏறும் கல்லட்டியில் கையை விரித்துவிடும்.

நெருப்புப் பக்கம் ஒரு இடத்தை மட்டும் அவசியம் பாருங்கள், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்டுக்குப் போகும் மெல்லிய ஒயர் ஒன்று உண்டு. வேக்கம் அட்வான்ஸ் இழுக்கும்போதெல்லாம் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு கொஞ்சம் திரும்பும். கூடவே அந்த ஒயரும் வளையும். ஐம்பது வருடம் வளைந்தால் உள்ளே செம்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். மேலுறை மட்டும் முழுசாக இருக்கும். வண்டி நிற்கும்போது மீட்டர் வைத்துப் பார்த்தால் இணைப்பு சரியாகவே காட்டும். ஆக்சிலேட்டரை மிதித்துவிடும்போது தட்டு திரும்பும் அந்த ஒரு கணத்தில் மட்டும் அறுந்து, திரும்ப ஒட்டிக்கொள்ளும். இதற்குச் சோதனை சுலபம்: வேக்கம் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் பக்கத்து ஓட்டையை அடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். தட்டு அசையாது. ஜெர்க் நின்றுவிட்டால் திருடன் அகப்பட்டான். பாகத்தின் விலையைக் கேட்டால் நீங்கள் இதுவரை செலவழித்ததை நினைத்து வருத்தப்படுவீர்கள், சொல்லாமல் விடுகிறேன்.

டீ வந்துவிட்டது, குடியுங்கள். இந்த டீ நேரமும் ஒரு சோதனைதான். ஓடும்போது ஃபேனும் எதிர்க்காற்றும் பானெட்டுக்கு உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். எஞ்சினை அணைத்ததும் அந்தக் காற்று நின்று, கார்புரேட்டரும் பெட்ரோல் பைப்பும் ஓடியபோது இருந்ததைவிடச் சில நிமிடங்களுக்கு அதிகமாகச் சுடும். பைப்பிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். டீ குடித்துவிட்டுக் கிளம்பியதும் ஒரு கிலோமீட்டர் திணறி, காற்றுப்பட்டதும் தெளிந்துவிட்டால் இந்த ஆவிதான் காரணம். பைப்பை எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து விலக்கிக் கட்டினால், உறை போட்டால் போகும்.

நேர்மாறாக, திணறித் திணறி நின்ற வண்டி ஓய்வுக்குப் பிறகு புதுசாக ஓடி, அரைமணி கழித்து அதே நோய் திரும்பினால் கதை வேறு. டேங்க்கின் மூச்சுத் துளை அடைத்திருக்கலாம்: பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் கூடி, பம்ப் இழுக்க முடியாமல் தோற்கும். திணறிய உடனே மூடியைத் திறந்து காது கொடுங்கள்; உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் வேறெதையும் தேட வேண்டாம். சத்தம் இல்லையென்றால் டேங்க்கின் துருவாக இருக்கலாம். ஓடும்போது துருச் செதில்கள் உறிஞ்சும் குழாயின் வாயில் போய் ஒட்டும், எஞ்சினை அணைத்ததும் உதிர்ந்து அடியில் படுக்கும். பம்புக்கு முன்னால் கண்ணாடி ஃபில்டர் ஒன்று போட்டால் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஆனால் சூடேறினால் கோளாறு செய்யும் கண்டென்சரும் காயிலும்கூட இதே நேரக்கணக்கில்தான் நடந்துகொள்ளும். அதனால்தான் வெட்டியதுபோல் போகிறதா, மெல்லப் போகிறதா என்பதை முதலில் பிரித்துச் சொன்னேன்.

இப்போது மலையின் பங்கைச் சொல்கிறேன். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குச் சற்று மேலே. நாம் டீ குடிக்கும் இந்தத் தெப்பக்காடும் ஏறத்தாழ அதே உயரம். ஆகவே பெங்களூரில் டியூன் செய்த கார்புரேட்டருக்கு இங்கே வரை காற்று மாறவே இல்லை. ஊட்டியோ 2,240 மீட்டர். இங்கிருந்து அங்கே ஏறுவதற்குள் காற்றின் அடர்த்தி எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். எஞ்சினின் பலமும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறையும். அது நோய் அல்ல, எந்தப் பழைய வண்டிக்கும் நடப்பது. ஆனால் மலை பறிக்கும் பலம் ஒரே சீராக, வளைவுக்கு வளைவு கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். மலை ஜெர்க் அடிக்க வைக்காது. ஜெர்க் அடித்தால் அது வண்டியின் குற்றம்தான்.

காற்று மெலியும்போது கார்புரேட்டர் பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைப்பதில்லை. கலவையில் பெட்ரோல் கூடிப்போகும். மறுபக்கம், இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தப் பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும், இந்தக் கலவைக்கு 13.5 போதும். பழைய பெட்ரோலுக்கு வைத்த அதே ஜெட்டில் இது ஓடினால் கலவை சுமார் 8 சதவீதம் மெலிந்துவிடும். மெலிந்த கலவைதான் பாதி ஆக்சிலேட்டரில் தயங்கவும் திணறவும் வைக்கும். ஊட்டிக்கு ஏற ஏற, மலை அந்த மெலிவைக் கிட்டத்தட்ட ஈடுகட்டிவிடும். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பந்திப்பூரில் தயங்கிய வண்டி தலைக்குந்தாவில் தெளிவாக ஓடினால் கலவை மெலிந்திருக்கிறது; பிளக்கைக் கழற்றினால் வெளுத்திருக்கும். எஸ்யு கார்புரேட்டரில் ஜெட் நட்டை ஒரு முகம் கீழே இறக்கிப் பார்க்கலாம். மேலே போகப் போக மோசமாகி, பிளக் கரிபிடித்திருந்தால் எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். இரண்டு கார்புரேட்டரிலும் ஒரே அளவு, ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போய்விடும்.

எத்தனால் இன்னொரு வேலையும் செய்யும். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸையும் ஏசி பம்பின் டயாஃப்ரத்தையும் அது ஊற வைத்துக் கெடுக்கும், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். இந்த மலை மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டி என்றால் டேங்க்கின் அடியில் தண்ணீர் பிரிந்து கிடக்கலாம். ஹோஸை அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ வெடித்திருந்தாலோ மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை மாற்றுங்கள். சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோல் சொட்டினால் வண்டியே மிஞ்சாது.

இன்றைக்கு என்ன செய்வது என்றால், இங்கே ஹோஸ், டேங்க் மூடி, டிஸ்ட்ரிபியூட்டர் ஒயர் மூன்றையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மசினகுடி வரை புலிகள் காப்பகம். நிறுத்தவோ இறங்கவோ அனுமதி இல்லை, யானை நடமாடும் இடம். அந்த எட்டு கிலோமீட்டருக்குள் மெல்ல ஓட்டும்போதே ஒரு தடவை திணறினாலும் மசினகுடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேலே கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு. நடு வளைவில் இழுவை போனால் பின்னால் வருகிறவருக்கும் ஆபத்து. திரும்பி வந்து கூடலூர் போங்கள், அங்கே மெக்கானிக் கடைகள் உண்டு. போய்ச் சேர்ந்ததும் மெக்கானிக்கிடம் பாகத்தின் பெயர் எதையும் சொல்லாதீர்கள். எந்த இடத்தில், எந்த கியரில், எவ்வளவு நேரம் ஓடிய பிறகு, வெட்டியதுபோலா மெல்லவா என்று மட்டும் சொல்லுங்கள். முடிந்தால் அவரையே பக்கத்தில் உட்கார வைத்து நடுவட்டம் ஏற்றத்தில் ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கள்.