நிலையக் கூரைகளும் பராமரிப்பின் பொருளாதாரமும்

புதிய அணை, புதிய ஆலை, புதிய பாலம் ஆகியவற்றின் திறப்பு விழாக்களே வளர்ச்சியின் அடையாளங்களாக மக்கள் மனத்தில் பதிகின்றன. முன்பே கட்டி முடித்தவற்றைப் பழுதின்றிக் காப்பதும் வளர்ச்சிப் பணியின் ஒரு கூறே என்பது எளிதில் புலப்படுவதில்லை. பராமரிப்புக்குத் திறப்பு விழா கிடையாது. ஆதலின் நிதி நெருக்கடி நேரும்போது முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் அதற்குரிய ஒதுக்கீடே ஆகும். இவ்வுண்மையை விளங்கிக்கொள்ள, நூறாண்டுகளுக்கு மேற்பட்ட வயதுடைய இரயில் நிலையங்களின் பெருங்கூரைகள் நல்ல எடுத்துக்காட்டுகளாகும். இலண்டன் மாநகரின் இரண்டு நிலையங்கள் கற்பிக்கும் பாடங்களை இங்குக் காண்போம்.

தரையில் மறைந்த வலிமை

செயின்ட் பாங்கிராஸ் நிலையம் 1868 அக்டோபர் 1ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் கூரையை வடிவமைத்தவர் வில்லியம் ஹென்றி பார்லோ என்னும் பொறியாளர். ஏறத்தாழ 240 அடி அகலமும் 690 அடி நீளமும் 100 அடி உயரமும் கொண்ட அக்கூரையின் கீழ் இடையில் ஒரு தூண்கூட இல்லை. ஒரே வளைவால் மூடப்பட்ட இடங்களுள் அன்று உலகிலேயே பெரியது அதுதான்.

இத்தகைய வளைவு, வில்லைப் போன்றது. தன் எடையாலேயே அது தன் இரு கால்களையும் வெளிப்புறமாகத் தள்ளும். வில்லின் முனைகளை நாண் இழுத்துப் பிடிப்பதுபோல, இக்கால்களையும் ஏதேனும் ஒன்று இழுத்துப் பிடித்தாக வேண்டும். பல நிலையங்களில் கூரைக்குக் கீழே குறுக்காகச் செல்லும் இரும்புக் கம்பிகள் இப்பணியைச் செய்கின்றன. பார்லோ வேறு வழி கண்டார். வடக்கே ஒரு கால்வாயைக் கடந்து தண்டவாளம் வரவேண்டியிருந்ததால், நிலையத்தின் தளம் தெருமட்டத்திற்கு மேல் உயர்த்தப்பட்டிருந்தது. அத்தளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களையே அவர் வளைவின் நாணாக அமைத்தார். தளத்திற்குக் கீழே கிடைத்த இடம் பர்ட்டன் நகரிலிருந்து வரும் பீர்ப் பீப்பாய்களின் கிடங்காயிற்று. அங்குள்ள தூண்களின் இடைவெளியும் பீப்பாயின் அளவையொட்டியே வகுக்கப்பட்டது.

ஆகவே, இந்நிலையத்தில் தரையைத் தொடுபவர் கூரையையும் தொடுகிறார். பழைய கட்டுமானத்தைச் சீரமைக்க முற்படுவோர் முதலில் அறிய வேண்டியது இதுவே: எடை எங்கே இறங்குகிறது, எது எதை இழுத்துப் பிடிக்கிறது என்பதைக் கண்டறியாமல் ஓர் ஆணியையும் கழற்றலாகாது.

சாரிங் கிராஸ் தந்த எச்சரிக்கை

இதனை அறியத் தவறினால் நேர்வது என்ன என்பதை அதே நகரின் சாரிங் கிராஸ் நிலையம் காட்டிற்று. 1864இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தின் வளைவுக் கூரையில் 1905 டிசம்பர் 5ஆம் நாள் செப்பனிடும் வேலை நடந்துகொண்டிருந்தது. பிற்பகலில் இழுகம்பி ஒன்று அறுந்தது. சற்று நேரத்தில் கூரையின் ஒரு பகுதி சரிந்து, பக்கச் சுவரை அடுத்திருந்த நாடக அரங்கின்மேல் தள்ளிற்று. அறுவர் உயிரிழந்தனர். கூரைமேல் வேலை செய்த இருவரும், அரங்கில் வேலை செய்துகொண்டிருந்த மூவரும், நிலையத்துப் புத்தகக் கடைக்காரர் ஒருவரும் அவர்களாவர். கம்பியைச் செய்தபோதே அதன் இணைப்பில் ஏற்பட்டிருந்த குறைபாடு நாற்பதாண்டுகளாக வெளியில் தெரியாமலே இருந்ததென விசாரணையில் வெளிப்பட்டது. எஞ்சிய வளைவுகளும் அகற்றப்பட்டு வேறு வகைக் கூரை போடப்பட்டது.

அங்குப் பராமரிப்பு நடைபெறாமல் இல்லை. கண்ணுக்குத் தெரியும் பகுதிகள் கவனிக்கப்பட்டன. கூரையின் உயிர்நாடியாகிய கம்பியின் உள்நிலைதான் அறியப்படவில்லை. அதற்குரிய விலையை அன்றாடக் கூலிக்கு உழைத்தவர்களே செலுத்த நேர்ந்தது.

பழுது வரும் வழிகள்

நீராவி எஞ்சின்கள் கக்கிய புகையில் கந்தகம் கலந்திருந்தது. அது ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகி இரும்பை அரித்தது. நீராவி எஞ்சின்கள் மறைந்த பின்னரும், மழைநீர்க் காலும் வடிகுழாயும் அடைபட்டால் நீர் தேங்கித் துரு வளர்கிறது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடங்களில் துரு பருத்து, தறையாணிகளையே பிளக்கவல்லது. அடைப்பை நீக்க ஆகும் செலவு சிறிது. நீக்காவிடின் ஆகும் செலவோ பெரிது.

சீரமைப்பின் படிகள்

முதற்படி ஆய்வு. ஒவ்வோர் உறுப்பும் தட்டிப் பார்க்கப்பட்டு, அதன் தடிமன் அளக்கப்பட்டு, வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். இரண்டாவது, சாரம். இரயில்கள் ஓடும் நிலையத்தில், கருவியோ கண்ணாடித் துண்டோ பயணிகள்மேல் விழாதவாறு இடையே ஒரு தற்காலிகத் தளம் அமைத்தல் இன்றியமையாதது. 25,000 வோல்ட் மின்கம்பிகள் செல்லும் இடமாயின், மின்சாரத்தை நிறுத்திய குறுகிய இரவு நேரங்களில்தான் பணி நடக்கும். மூன்றாவது, பழைய வண்ணப் பூச்சை நீக்குதல். அதில் ஈயம் கலந்திருப்பது வழக்கமாதலின், அத்தூசு தொழிலாளர் உடலிற் சேராதபடி மூடிய அறைகளுக்குள் இவ்வேலை நடைபெற வேண்டும். நான்காவது, இரும்பைச் செப்பனிடுதல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தேனிரும்பில் கசடு இழைகள் இருப்பதால் இக்காலப் பற்றவைப்பு அதற்கு எல்லா இடத்தும் ஏற்றதன்று. புதுத் தகடுகளை மரையாணியால் பொருத்துவதே பல இடங்களில் தக்க முறை. இவற்றுக்குப் பின்னரே கண்ணாடியும் புதுப்பூச்சும் வருகின்றன.

செயின்ட் பாங்கிராஸ் சீரமைப்பில் பெரிய வசதி ஒன்று கிட்டியது. 2004 ஏப்ரலில் இரயில்கள் அருகிலமைந்த தற்காலிக மேடைகளுக்கு மாற்றப்பட்டு, பழைய கூடம் முற்றிலும் காலி செய்யப்பட்டது. பழைய வண்ண அடுக்குகளை ஆராய்ந்து வளைவுகளுக்கு வெளிர்நீலம் பூசினர்; கூரைக்குப் புதிய கண்ணாடியும் ஓட்டுக்கல்லும் வேய்ந்தனர். பீப்பாய்க் கிடங்கிற்கு ஒளி வரத் தளத்தில் திறப்புகள் வெட்டப்பட்டபோது, உத்தரங்களின் இழுப்பு குன்றாதவாறு காக்கப்பட்டது. 2007 நவம்பர் 14 முதல் ஐரோப்பாவுக்கான விரைவு இரயில்கள் அங்கிருந்து புறப்படலாயின.

செலவுக் கணக்கு

இதே நிலையம் 1960களில் இடிக்கப்படும் நிலையிலிருந்தது. ஜான் பெட்ஜமன் போன்றோர் முன்னின்று நடத்திய இயக்கத்தின் பயனாக 1967இல் அது முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பட்டியலிற் சேர்ந்தமையால் இடிப்பது தடுக்கப்பட்டதேயன்றிக் கூரை புதுப்பிக்கப்படவில்லை. பெருஞ்சீரமைப்புக்கு மேலும் முப்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. விரிவாக்கத்தையும் சேர்த்து நிலையத்திற்கு ஆன செலவு சுமார் 80 கோடி பவுன்.

தள்ளிப்போடப்பட்ட பராமரிப்பு என்பது உண்மையில் ஒரு கடனாகும். ஆண்டுக் கணக்கில் அது மிச்சம்போலத் தோன்றும். அதற்குரிய வட்டியோ துருவாக வளர்கிறது. கடன் பத்திரம் எதுவும் எழுதப்படாமையால், வரவு செலவுத் திட்டத்தை ஆராய்வோர் கண்ணில் இது படுவதில்லை. பராமரிப்புச் செலவை வருவாய்ச் செலவாகவும், இடித்துப் புதிதாகக் கட்டுவதை மூலதன ஆக்கமாகவும் காட்டும் கணக்கு முறை, இடிப்பதை ஊக்குவிக்கும் இயல்புடையது. சொத்தின் தேய்மானத்தையும் சேர்த்து நோக்கினாலன்றி உண்மை நிலை விளங்காது.

நமக்குரிய பாடம்

இந்தியாவில் இக்கருத்து இன்று மிகவும் பொருந்துவதாகும். 2023 ஆகஸ்டில் அம்ருத் பாரத் நிலையத் திட்டத்தின்கீழ் 508 நிலையங்களுக்கு ஒருங்கே அடிக்கல் நாட்டப்பட்டது. இவற்றின் மதிப்பீடு 24,470 கோடி ரூபாய். 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாகத் திகழும் மும்பை சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்தின் மறுவளர்ச்சிக்கு 2022 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இந்தியாவின் முதல் மின்சார இரயில் 1925 பிப்ரவரி 3ஆம் நாள் புறப்பட்டது இம்முனையத்திலிருந்தே என்பது நினைவுகூரத்தக்கது.

இந்நிலையங்கள் புதுப்பொலிவு பெறும் வேளையில் மூன்று செயல்கள் உடன் நிகழ வேண்டும். ஒவ்வொரு பழைய கூரைக்கும் அதன் தாங்குமுறையை விளக்கும் பதிவேடு ஒன்று இருத்தல் வேண்டும். புதிய கூரைக்கு நிதி ஒதுக்கும் அதே ஆணையில், அதன் ஆண்டுப் பராமரிப்புக்கான தொகையும் குறிக்கப்பட வேண்டும். உயரத்தில் உழைப்போரின் பாதுகாப்புச் செலவை ஒப்பந்தப்புள்ளிப் போட்டியில் குறைக்கவியலாத தனி இனமாக வைக்க வேண்டும்.

இன்று திறக்கப்படும் புதிய கூரையும் நூறாண்டில் பழைய கூரையாகிவிடும். மழைக்காலத்திற்கு முன் அதன் நீர்க்காலைத் துப்புரவு செய்ய ஓர் ஆளும், அவருக்கு ஏறிச்செல்ல ஒரு பாதையும், அவர் கண்டதைக் குறித்துக்கொள்ள ஓர் அலுவலரும் ஆண்டுதோறும் இருப்பரேல், அதன்கீழ் நிற்கும் பயணி அஞ்ச வேண்டுவதில்லை.