நோயாளியை விளிக்கும் சொல்

படுவான்கரை மக்கள் நகரத்து மருத்துவரைக் காண வருவது ஒருகாலத்தில் பெரும் பயணமாயிருந்தது. தோணியிலோ, 'பாதை' என நம்மவர் வழங்கும் மிதவையிலோ வாவியைக் கடக்க வேண்டும். 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் அத்தொல்லை பெரிதும் நீங்கிற்று. மருத்துவரின் மேசையைக் கடப்பதோ இன்னும் எளிதாகவில்லை.

சில காலத்துக்கு முன், மருத்துவமனையொன்றில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னே ஒரு மூதாட்டி, பேரனுடன் வந்திருந்தார். இளம் மருத்துவர் மூதாட்டியின் முகத்தைப் பார்க்கவில்லை. "இவவுக்கு என்ன?" என்று பேரனைக் கேட்டார். "காய்ச்சல்" என்றான் அவன். காய்ச்சலுக்கு மருந்தும் எழுதியாயிற்று. வாயிலில் நின்ற தாதி ஒருத்தி மூதாட்டியின் கையைப் பற்றி, "ஆச்சி, வேற என்னவும் செய்யுதோ?" என்றாள்.

"சலம் போகக்குள்ள எரியுது புள்ள. பொடியனுக்கு முன்னால எப்பிடிச் சொல்ற?"

தாதி அவரை மீண்டும் உள்ளே அழைத்துச் சென்றாள். காய்ச்சலின் மூலம் அவ்வெரிவிலேதான் இருந்தது. 'ஆச்சி' என்ற ஒரு சொல் இல்லையேல் அது வெளிப்பட்டிராது.

உடன் வந்தவரை மதிக்க வேண்டாம் என்பதன்று நம் கருத்து. தாய்வழிக் குடிமுறை வேரூன்றிய இந்நாட்டில் நோய் ஒருவருடையதாயினும் கவலை வீட்டாருடையது. ஆயினும் முதல் வணக்கமும் முதல் வினாவும் நோயாளிக்கே உரியன. அதன்பின், "தம்பி, சற்று வெளியே இரும், பிறகு கூப்பிடுகிறேன்" என்றால் எவரும் மனம் நோவதில்லை.

எச்சொல்லால் விளிப்பது? முதியோரை 'நீ' என்றல் எங்கும் தகாது. 'நீர்' என்பதும் இளையவர் வாயில் வரும்போது உறுத்தும். 'நீங்கள்' என்பதில் பழுதில்லை. உறவுப் பெயர்களிலோ எச்சரிக்கை வேண்டும். கிழவர் ஒருவரைத் 'தாத்தா' என்கிறோம். சிங்களத்தில் அது தந்தையைக் குறிக்கும். நம் அயலிலுள்ள முஸ்லிம் இல்லங்கள் பலவற்றிலோ தமக்கையைக் குறிக்கும்! மணமாகாத மருத்துவர் ஒரு பெண்ணின் தாயை 'மாமி' என்றழைத்தால், மகள் மச்சாள் முறையாகிவிடுவாள், ஊர் நகைக்கும். ஐயுற்றவிடத்து, "உங்களை எப்படிக் கூப்பிட?" என்று கேட்டுவிடுவதே நன்று.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். நோயாளியின் மொழியை மருத்துவன் இழத்தல் ஆகாதென்பது அவர் கொள்கை. அண்மையில் இங்கிலாந்தில், தாமே மருத்துவராயிருந்தும் புற்றுநோயால் வருந்திய கேற் கிரேஞ்சர், தம்மைக் கவனிக்க வந்தோரிற் பலர் தம் பெயரைக்கூடச் சொல்லாமை கண்டு, 2013இல் ஓர் இயக்கம் தொடங்கினார். வணக்கம் கூறித் தம் பெயரைச் சொல்லுங்கள் என்பதே அதன் வேண்டுகோள். 2016இல் அவர் மறைந்தார்; இயக்கம் மறையவில்லை.

அன்று அந்த மூதாட்டி விடைபெறும்போது மருத்துவருக்கும் தாதிக்கும் கைகூப்பினார். பெயர் கேட்டது தாதியிடம் மட்டுமே.