எந்த விளையாட்டுப் பெட்டியை வாங்குவது?

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து சிற்றுண்டி பரிமாறப்பட்டபொழுது, அன்பர்கள் மூவர் நம்மைத் தனியே அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டனர். "பையன் வீடியோ கேம் வேண்டுமென்று பிடிவாதம் செய்கிறான். எதை வாங்கலாம்? பழையதா, புதியதா?" என்பதே அக்கேள்வி. ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டும் குமாஸ்தாவிடம் இதைக் கேட்பானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். எட்டு வயது முதல் இவ்விளையாட்டுகளில் நாம் போக்கிய பொழுதைப் பற்றி நம் இல்லாள் சங்கத்துப் பெண்டிரிடம் விரிவாகச் சொல்லி வைத்திருக்கிறாள். காரணம் அதுவே.

நம் தந்தையாரும் ரயில்வே ஊழியர்தாம். 1996-இல் அவருக்கு ஜான்சிக்கு மாற்றலாயிற்று. நமக்கு ஹிந்தியில் ஒரு சொல்லும் தெரியாது. பள்ளி விட்டு வந்தால் குவார்ட்டர்ஸ் வாசற்படியில் அமர்ந்து வண்டிகளை எண்ணுவதே வேலை. அடுத்த வீட்டுப் பையனிடம் ஒரு டி.வி. கேம் இருந்தது. ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்னும் கருவியைப் பார்த்துச் செய்த நகல் பெட்டி அது. அந்நாளில் இந்தியக் கடைத்தெருக்களில் அத்தகைய நகல்கள் மலிந்திருந்தன. 'கான்ட்ரா' என்னும் கேசட்டை இருவர் சேர்ந்து ஆடலாம். அவனுக்கு இரண்டாவது ஆள் தேவைப்பட்டது. கையைப் பிடித்து இழுத்துச் சென்றுவிட்டான்.

கான்ட்ராவில் தொடக்கத்தில் மூன்று உயிர்களே உண்டு. முகப்புத் திரையிலேயே குறிப்பிட்ட வரிசையில் பொத்தான்களை அமுக்கினால் அவை முப்பதாகும். அவ்வரிசையை அவன் மந்திரம்போல் உரக்கச் சொல்லுவான்: "ஊபர், ஊபர், நீச்சே, நீச்சே, பாயே, தாயே, பாயே, தாயே." மேல், கீழ், இடம், வலம். நாம் கற்ற முதல் ஹிந்திப் பாடம் அதுவாகும். அவ்விளையாட்டில் ஓர் அருவிக் கட்டம் வரும். இருவரும் மேலே மேலே தாவி ஏற வேண்டும். ஒருவன் அவசரப்பட்டு முன்னே ஏறினால் திரையும் அவனோடு ஏறிவிடும். கீழே நின்றவன் உயிரிழப்பான். ஆகவே, மொழி தெரியாத இரு சிறுவர்கள் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கப் பழகினோம். அன்று தொட்டு எந்த விளையாட்டைக் கண்டாலும் நாம் முதலில் பார்ப்பது ஒன்றே: ஒரே பாயில் இருவர் அமர்ந்து ஆட இதில் இடமுண்டா?

பழைய விளையாட்டுகளின் சிக்கனம் வியப்புக்குரியது. 1985-இல் வெளிவந்த 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' முழுவதும் 40 கிலோபைட் அளவில் அடங்கிவிட்டது. இடத்தை மிச்சப்படுத்த வானத்து மேகத்தையும் தரையிலுள்ள புதரையும் ஒரே உருவமாக வைத்து, நிறத்தை மட்டும் மாற்றினர். விளக்கப் புத்தகம் எதுவும் வேண்டியதில்லை. எதிரே வரும் முதல் பகைவனை மோதினால் மாள்வீர்கள். அடுத்த முறை தாமாகவே குதிப்பீர்கள். 1984-இல் மாஸ்கோவில் அலெக்சி பாஜித்னவ் அமைத்த 'டெட்ரிஸ்' இதனினும் எளியது. நான்கு சதுரங்களால் ஆன ஏழு வடிவங்கள், அவ்வளவே. 1989-இல் வந்த 'கேம் பாய்' என்னும் கைப்பெட்டியில் நான்கு பேட்டரிகளைக் கொண்டு அதை ஆடினர். நிண்டெண்டோவின் பழைய டெட்ரிஸில் கருவியே திகைத்து உறைந்துபோகும் இடம்வரை சென்ற முதல் மனிதன், 2023 டிசம்பரில், பதின்மூன்று வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவன். அந்தக் கேசட் அவன் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே வெளிவந்தது.

(கேசட்டின் அடியில் வாயால் ஊதினால் வேலை செய்யும் என்று நாம் எல்லோரும் நம்பியிருந்தோம். உண்மையில் எச்சில் ஈரத்தால் செம்புப் பட்டைகள் கெட்டன. கழற்றி மீண்டும் செருகியதே பயன் தந்தது.)

புதியவற்றின் அழகை மறுப்பதற்கில்லை. நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலில் 2017-இல் வந்த 'செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்' விளையாட்டில் கண்ணுக்குத் தெரியும் மலை எதுவாயினும் ஏறலாம். மழை பெய்தால் பாறை வழுக்கும். ஓர் இரவு நாம் பாறை இடுக்கில் ஒதுங்கி, மழை நிற்கும் வரை ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் அது ஒருவர் ஆட்டம். அருகில் அமர்ந்த பையன் தூங்கிப்போனான்.

நம் குறை வேறிடத்தில். எக்ஸ்பாக்ஸில் 2001-இல் புகழ்பெற்ற 'ஹேலோ' விளையாட்டில் ஒரே திரையைப் பகிர்ந்து இருவர் கதை முழுவதும் ஆடலாம். 2015-இல் வந்த ஐந்தாவது ஹேலோவில் அவ்வசதியை எடுத்துவிட்டனர். தோழன் வேண்டுமாயின் அவன் தன் வீட்டில் தனிக் கருவியோடு, தனி இணைய இணைப்போடு அமர வேண்டும். அடிக்கடி மாற்றலாகும் நம் போன்ற குடும்பத்துப் பிள்ளைக்குப் புது ஊரில் அடுத்த வீட்டுப் பையனை அழைத்துவரும் வழி இதனால் அடைபட்டது.

உடைமை என்பதும் ஐயத்துக்குரியதாகிவிட்டது. 2014-இல் வெளிவந்த 'தி க்ரூ' என்னும் கார்ப் பந்தயத்தை அதன் நிறுவனம் 2024 மார்ச் 31-ஆம் நாள் நிறுத்தியது. காசு கொடுத்து வட்டு வாங்கியவர்களும் அதற்குப்பின் தனியாகக்கூட ஆட இயலவில்லை. நம் ஜான்சி நண்பன் பிரிகையில் கொடுத்த கான்ட்ரா கேசட்டோ நான்கு மாற்றல்களிலும் டிரங்குப் பெட்டியில் பயணம் செய்து இன்றும் ஓடுகிறது. வாங்குவோர் மற்றொன்றையும் கவனிக்க. வட்டு செருகும் வாயில்லாத கன்சோல்கள் இப்போது உண்டு. அப்படியொன்றைப் பழைய விலையில் வாங்கி, கைவசமிருந்த வட்டுகளை வைத்துக்கொண்டு விழித்தவர்களில் நாமும் ஒருவர். விற்றவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

இரயில்வேக்காரர்களுக்கு ஒரு செய்தி. 1997-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த 'டென்ஷா தே கோ' என்னும் ஜப்பானிய விளையாட்டு, ரயில் ஓட்டுவதே வேலையாகக் கொண்டது. வினாடி தாமதித்தாலும், நிற்குமிடம் தாண்டினாலும் புள்ளி குறையும். நம் லோகோ பைலட் நண்பர் முதல் நிலையத்தையே தாண்டிச் சென்றுவிட்டார். பெயரைச் சொல்லவேண்டாமெனக் கேட்டுக்கொண்டுள்ளார்.

சிறு பிள்ளைகளும் பெரியோரும் உள்ள இல்லத்துக்கு ஸ்விட்சில் 'மேரியோ கார்ட் 8 டீலக்ஸ்' ஏற்றது. நால்வர் ஒரே திரையில் ஆடலாம். வண்டி பாதையை விட்டு விலகாமல் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. அதன் துணையால் ஊரிலிருந்து வந்திருந்த நம் தாயார் பேரனை முந்தினார். "கண்ணா, பாட்டி எங்கே போறேன் பார்" என்றவர், எப்படியென்று இன்னும் அறியார். தம்பதியர்க்கு 2021-இல் வந்த 'இட் டேக்ஸ் டூ'. தனியாளாக அதை ஆடவே முடியாது. மணவிலக்கின் விளிம்பில் நிற்கும் கணவனும் மனைவியும் பொம்மைகளாகிவிடும் கதை. நம் இல்லாள் நம்மைக் கடிந்துகொண்டதில் பாதி அந்த ஆட்டத்துக்குள்ளேயே நிகழ்ந்தது.

நமது அளவுகோலை முறித்த ஒன்றும் உண்டு. 2023-இல் பல கன்சோல்களுக்கும் வந்த 'வெண்பா'. கனடாவில் குடியேறிய தமிழ்த் தாய் ஒருத்தி, சிதைந்துபோன சமையல் குறிப்புப் புத்தகத்தைக் கொண்டு இட்டிலியும் புட்டும் சமைக்கிறாள். மகன் கவினோ வளர வளரத் தமிழை விட்டு விலகுகிறான். ஒருவரே ஆடக்கூடியது, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பையன் கன்ட்ரோலரைப் பிடித்திருந்தான். இட்டிலித் தட்டுகளை அடுக்கும் கட்டத்தில் ஆவி ஏறாமல் தவறிற்று. "ஓட்டைய அடைக்காம மாத்தி மாத்தி வைடா" என்று தாயார் பாயிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். பின்னர், பெற்றோர் தமிழில் பேச, கவின் ஆங்கிலத்தில் விடையிறுக்கும் காட்சி வந்தது. நம்மிடம் எப்போதும் ஹிந்தியிலேயே மறுமொழி கூறும் பையன், அதை ஆடி முடிக்கும் வரை ஒன்றும் பேசவில்லை. கன்சோலை அணைத்தபின் அடுக்களையில் ஓசை கேட்டது. இட்டிலிப் பானையைத் திறந்து தட்டுகளைக் கையிலெடுத்துத் துளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கேள்வி கேட்ட அன்பர்கள் மூவரும் வரும் ஞாயிறு மாலை பிள்ளைகளுடன் நம் குவார்ட்டர்ஸுக்கு வரலாம். பழைய பெட்டி, புதிய பெட்டி இரண்டையும் ஆடிப் பார்த்துத் தீர்மானிக்கட்டும். இட்டிலிக்கு மாவு அரைத்திருக்கிறோம்.